இரவல் நாவும் சொந்தச் சிரிப்பும்

ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் இரவு, எங்களூர் இளைஞர்கள் சிலர் நடத்திய சிரிப்பு நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். 'ஸ்டேண்ட் அப் கொமடி' என்று சுவரொட்டியில் தமிழ் எழுத்திலேயே போட்டிருந்தார்கள். நான்கு பொடியன்மார். ஒருவனிடம் கீபோட், ஒருவனிடம் ரபான், மற்ற இருவரிடமும் மைக். பாட்டும் பேச்சும் கலந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மண்டபத்தைச் சிரிக்க வைத்தார்கள். நால்வரில் இருவர் என்னிடம் படித்தவர்கள் என்பதால் முன்வரிசையில் ஒரு கதிரையும் கிடைத்தது.

நிகழ்ச்சியின் முதற்பாதியில் ஒருவன் தொப்பியும் குடையுமாகக் 'கொழும்பு நானா'வாக வந்தான். 'எனத்தியன்' என்றான்; சபை சிரித்தது. 'ஈக்கி' என்றான், இன்னும் சிரித்தது. அவன் என்ன சொல்ல வந்தான் என்பதை எவரும் கேட்கவில்லை. சொல்வதற்கு அவனிடமும் எதுவும் இருக்கவில்லை. அந்த இரண்டு சொற்களே போதுமாயிருந்தன.

பிற்பாதியில் வேறொருவன் வந்தான். வேடம் எதுவுமில்லை. 2022ஆம் ஆண்டு கேஸ் சிலிண்டருக்கு நாம் நாள்கணக்கில் வரிசையில் நின்றோமே, அந்தக் கதையைத் தன் உம்மாவின் வாயாலும் தன் வாயாலும் மாறிமாறிச் சொன்னான். மகன் கைத்தொலைபேசியில் உம்மாவிடம் சொல்கிறான்: "உம்மா, நம்மட சிலிண்டருக்கு எட்டாவது எடம் கெடச்சிரிக்கி. ஸ்கூல்ல கூட எனக்கு அப்புடி ஒரு எடம் கெடக்கல்ல." உம்மாவின் பதில்: "அல்லாட காவல் மனே. சிலிண்டர நல்லாப் பாத்துக்க. ஒன்ன ஆரும் தூக்கிட்டுப் போகமாட்டான்." பின்னர் வெற்றுச் சிலிண்டரை மடியில் வைத்துத் தாலாட்டு மெட்டில் ஒரு பாட்டு. ரபான்காரன் மெதுவாகத் தட்டினான். முன்வரிசையில் இருந்த ஒரு முதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். சிரித்ததாலா, வேறெதனாலா என்று சொல்ல முடியவில்லை.

ஒரே இரவில், ஒரே மேடையில், ஒரே குழு தந்த இந்த இரண்டு சிரிப்பும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையின் பேசுபொருள். முதலாவது சிரிப்பு பேச்சைப் பார்த்து வந்தது. இரண்டாவது, பேச்சின் வழியாக வாழ்வைப் பார்த்து வந்தது. இப்படிப் பிரித்துச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் முதலாவது சிரிப்புக்கு நமது நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. அதைப் பாராமல் அந்தப் பொடியனை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

*

எங்கள் வாப்பா காலத்து மனிதர்கள் 'கோமாளிகள்' என்றதும் நான்கு பெயர்களைச் சொல்வார்கள்: மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர். இலங்கை வானொலியில் ஒலித்த 'கோமாளிகள் கும்மாளம்' நாடகத் தொடரின் பாத்திரங்கள் இவர்கள். எஸ். ராம்தாஸ் மரிக்காராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் உபாலியாகவும், பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகவும் நடித்தார்கள். வானொலியில் கிடைத்த வரவேற்பு, 1976இல் எஸ். ராமநாதனின் இயக்கத்தில் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் அதைக் கொண்டுவந்தது. சில்லையூர் செல்வராசனும் கமலினி செல்வராசனும் அப்படத்தில் நடித்தவர்கள். படம் வந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. அந்தக் குரல்களை நான் முதலில் அறிந்தது வாப்பாவின் வாயால்தான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் பாயை விரித்து, நான்கு பேராகவும் அவரே பேசிக்காட்டுவார்.

இந்த நால்வரையும் சற்று நின்று பார்க்க வேண்டும். அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ் பேசுபவர். உபாலி சிங்கள வாடை கலந்த தமிழ் பேசுபவர். ஐயர் பேசுவது பிராமணத் தமிழ். மரிக்கார் முஸ்லிம் தமிழ் பேசுபவர். ஆனால் மரிக்காராகப் பேசிய ராம்தாஸ் முஸ்லிம் அல்லர். ஐயராகப் பேசிய அப்துல் ஹமீத் ஐயர் அல்லர், நம்மவர். உபாலியாகப் பேசிய செல்வசேகரன் தமிழர். ஒருவரின் நாவை மற்றவர் இரவல் வாங்கிக்கொண்டு ஒரே அறையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். மக்களோ இரவலையே சொத்தாக எழுதிக்கொடுத்துவிட்டார்கள். ராம்தாஸ் 2016இல் காலமானபோதும் 'மரிக்கார் ராம்தாஸ்' என்றே அவரை நினைவுகூர்ந்தார்கள். செல்வசேகரனும் 'உபாலி செல்வசேகரன்' என்றே அறியப்பட்டார்.

இதன் சிறப்பு எங்கே இருக்கிறது? அந்த நால்வரில் எவரும் நூல்தமிழ் பேசுபவரல்லர். மற்றவர்களெல்லாம் விலகிப்போவதற்கு நடுவிலே ஓர் 'ஒழுங்கான' தமிழ் அங்கே இல்லை. யாழ்ப்பாணத்தாருக்கு மரிக்காரின் பேச்சு விநோதம். மரிக்காருக்கு ஐயரின் பேச்சு விநோதம். மூவருக்கும் உபாலி விநோதம். உபாலிக்கோ மூவருமே விளங்காத மனிதர்கள். சிரிப்பு ஒருவர் தலையில் தங்கிவிடாமல் சுற்றிக்கொண்டேயிருக்கிறது. கேட்பவரும் ஒரு வசனத்தில் சிரிப்பவராகவும் மறுவசனத்தில் சிரிக்கப்படுபவராகவும் மாறுகிறார். நாலு பேரும் கோமாளிகள் என்று தலைப்பிலேயே ஒப்புக்கொண்டுவிட்டதால் எவருக்கும் மனத்தாங்கல் வரவில்லை.

தமிழகத் திரைப்படங்கள் பல நமக்குக் காட்டிய 'பாய்' பாத்திரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டம்போட்ட சாரம், இடுப்பில் பச்சை வார், கழுத்தில் தாயத்து, வாயில் 'நம்பள் நிம்பள்' என்றொரு மொழி. காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ நாகூரிலோ எந்தத் தமிழ் முஸ்லிமும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை. அவர்களின் வீட்டுமொழி தமிழ்தான். ஆனாலும் அந்தப் பொய்மொழி பல காலம் திரையில் ஓடியது. ஏனென்றால் அங்கே சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் ஒரு மொழி பேச, ஒருவர் மட்டும் வேறு மொழி பேசினார். நால்வர் கூடிய அறையாக அது இருக்கவில்லை. ஒருவரைச் சுற்றி ஊர் கூடிய சந்தையாக இருந்தது. அதனுடன் ஒப்பிடுகையில் மரிக்கார் பேசியது தமிழாகவே இருந்தது என்பதும், அவருக்கும் மற்ற மூவருக்கும் சமமான இடம் இருந்தது என்பதும் குறைவான விடயங்களல்ல.

*

இவ்வளவும் சொன்ன பிறகு குறையையும் சொல்ல வேண்டும். அந்த அறையில் நான்கு கதிரைகள் இருந்தன. நமக்கு ஒரு கதிரை இருக்கவில்லை. மரிக்கார் நமது பிரதிநிதியல்லவா என்று கேட்கலாம். அவர் பேசியது மேற்குக்கரை முஸ்லிமின் தமிழ். அங்கே 'நானா', எங்களுக்கு 'காக்கா'. அங்கே 'ஈக்கி', எங்களுக்கு 'இரிக்கி'. பெயரே வேறு பொருள் தரும். அங்கே மரிக்கார் என்பது குடும்பப் பெயர். எங்கள் கரையில் மரைக்கார் என்பது பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கு ஒருவராக இருந்தவரின் பதவி. மருதமுனைக் கைத்தறிக்காரரும், சம்மாந்துறைப் போடியாரும், சாய்ந்தமருதுக் கடலோடியும் பேசிய தமிழ் அந்த நால்வரிடமும் இருக்கவில்லை. மலையகத் தோட்டத்தின் தமிழும் மட்டக்களப்புத் தமிழரின் தமிழும் இருக்கவில்லை.

இதை ராம்தாஸ் குழுவினரின் தவறாக நான் சொல்லவில்லை. அவர்கள் கொழும்பில் இருந்தார்கள். கொழும்பில் கேட்டதைச் செய்தார்கள். தவறு நமது பக்கத்தில் இருக்கிறது. மரிக்காரின் குரல் நாடெங்கும் பரவியதும் 'சிரிப்பூட்டும் முஸ்லிம்' என்றால் அந்தக் குரல்தான் என்று நாமும் முடிவுசெய்துவிட்டோம். பாடசாலைக் கலைவிழாவில், ஆசிரியர் கலாசாலையின் விடுதி இரவுகளில், கல்யாண வீட்டுப் பந்தலில் என்று நான் பார்த்த சிரிப்பு நாடகங்களில் முஸ்லிம் பாத்திரம் வரவேண்டுமானால் எங்களூர் முஸ்லிம் மாணவனே கொழும்பு நானாவாக மாறித்தான் வந்தான். தன்னைத் தானே நடிப்பதற்கும் அவனுக்கு ஓர் இரவல் நாக்குத் தேவைப்பட்டது. அந்தப் பெருநாள் இரவில் தொப்பியும் குடையுமாக வந்த பொடியன் ராம்தாசின் பெயரைக்கூடக் கேட்டறியாதவன். ஆனால் அவன் செய்தது அந்தப் பழைய குரலின் எதிரொலியே. மூலத்தில் சுற்றியிருந்த மூவரும் காணாமற்போய்விட்டார்கள். மரிக்கார் மட்டும் தனியே மேடையில் நிற்கிறார். சபை முழுவதும் கிழக்கு. மேடையில் ஒருவன் மட்டும் மேற்கு. நால்வர் அறை மீண்டும் சந்தையாகிவிட்டது. ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதை சூரத்துல் ஹுஜுராத் விலக்கியிருப்பதை நாம் பெரும்பாலும் பிற சமூகத்தாரோடு தொடர்புபடுத்தியே பேசுகிறோம். நமக்குள்ளேயே கரைக்குக் கரை, ஊருக்கு ஊர் நடக்கும் பரிகாசம் கணக்கில் வருவதில்லை.

*

பேச்சுமொழி பற்றிய நமது கூச்சத்துக்கு இலக்கிய வரலாறும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்தாளர்கள் தம் மக்களின் பேச்சைக் கதைகளில் எழுதியபோது, மரபு வழிப் பண்டிதர்கள் அதனை 'இழிசனர் வழக்கு' என்று ஒதுக்கினர். மண்வாசனை இலக்கியம் வேண்டும் என்று முற்போக்கு அணியினர் வாதாடினர். அந்த வாதத்தில் பேச்சுமொழியே வென்றது என்று நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். கதையில் அது உண்மை. வகுப்பறையில் அது வென்றதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

இந்த இடத்தில் என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியத் தொழிலுக்கு வந்த முதல் வருடங்களில், ஒரு சின்னப் பொடியன் எழுந்து நின்று "சேர், வீட்ட ஆரும் இல்ல, உம்மா வயலுக்குப் போயிரிக்கி" என்றான். நான் "போயிரிக்கியா? எங்கே இரிக்கி?" என்று அவன் குரலிலேயே திருப்பிச் சொன்னேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும் ஒரு நல்ல நகைச்சுவை செய்துவிட்ட பெருமிதத்தோடு கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். அந்தத் தவணை முடியும்வரை அவன் வகுப்பில் வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், பேசமாட்டான். இன்று அவன் கட்டாரில் வேலை செய்வதாகக் கேள்வி. நான் பேசியதும் 'இரிக்கி' என்ற மொழிதான், என் வீட்டிலும் அதுதான் மொழி என்பதை அவன் அறிவான். அதனால்தான் அது அவனுக்கு அவ்வளவு வலித்திருக்க வேண்டும்.

சிரிப்பு சின்ன விடயம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 'கோமாளிகள்' வெளியாகிப் பதினான்கு வருடங்களில் 1990 வந்தது. எனக்கு அப்போது பத்து வயது தாண்டியிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதே காலத்தில் எங்கள் கரையில் தமிழர்களும் கொல்லப்பட்டார்கள்; ஊரைவிட்டு ஓடினார்கள். பாண்டிருப்பும் மருதமுனையும், கல்முனையும் கல்முனைக்குடியும் வேலிக்கு வேலி ஒட்டியிருக்கும் ஊர்கள். அந்த நாட்களில் வாயைத் திறந்தால் ஒருவர் எந்தப் பக்கத்தவர் என்பதைப் பேச்சே காட்டிக்கொடுத்தது. பஸ்ஸில் பெரியவர்கள் பேசாமல் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முஸ்லிம் ஐயராகவும், ஓர் இந்து மரிக்காராகவும் பேசிச் சிரித்த வானொலி அறைக்கும் அந்த பஸ்ஸுக்கும் இடையில் எவ்வளவு தூரம்! வாப்பா அதன் பிறகு முற்றத்தில் அப்புக்குட்டியாகப் பேசிக்காட்டியதாக எனக்கு நினைவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஆகவே ஒருவரின் நாவை மற்றவர் இரவல் வாங்குவதே கூடாது என்று நான் வாதிடவில்லை. இரவல் கொடுத்து வாங்கும் அளவுக்கு நம்பிக்கை இருந்த ஒரு காலம் இருந்தது. அது திரும்ப வேண்டும். ஆனால் அதற்கொரு முன்நிபந்தனை உண்டு. பிறரின் நாவை மேடையில் வைப்பவன் தன் நாவையும் பக்கத்தில் வைக்க வேண்டும். தானும் அதே வட்டத்தில் உட்கார வேண்டும்.

*

தன் நாவை வைத்துச் சிரிக்கவைத்தவர்கள் நமக்கு முன்னே இல்லாமலில்லை. வைக்கம் முஹம்மது பஷீரின் 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' 1951இல் மலையாளத்தில் வந்தது. பழம்பெருமை பேசும் ஓர் உம்மா, அவளுடைய வாப்பாவின் யானை, கடைசியில் அது குழியானைதான் என்று கூச்சலிடும் சிறுவர்கள். மாப்பிளை முஸ்லிம் பெண்களின் பேச்சை பஷீர் அப்படியே எழுதினார். ஆனால் நாம் சிரிப்பது அந்தப் பேச்சைக் கேட்டு அல்ல. பெருமை வெறும் பூச்சியாகச் சுருங்கிப்போவதைப் பார்த்து. அந்த யானை நமது வீடுகளிலும் கட்டப்பட்டிருப்பது தெரிவதால் சிரிப்பு பாதியில் தொண்டையில் நிற்கிறது.

நமது கரையில் நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கு முஸ்லிம்களின் கிராமியக் கவிகளையும் பழமொழிகளையும் திரட்டியதோடு, அந்தப் பேச்சிலேயே படைப்புகளும் எழுதினார். அவர் போன்றோர் திரட்டிய கவிகளைப் படிப்பவர்களுக்கு ஒன்று தெரியும்: வயற்காவலிலும் வாசற்படியிலும் பிறந்த அந்தக் கவிகளில் காதலுக்கும் ஏக்கத்துக்கும் நிகராகக் கேலியும் குத்தலும் இருக்கின்றன. பெண்கள் சொன்ன கேலிதான் அதிலும் கூர்மையானது. அதாவது, சொந்தச் சிரிப்பு நமக்கு இருந்தது. அதை மேடைக்குக் கொண்டுவரும் வழக்கம்தான் வளரவில்லை. யாழ்ப்பாணத்தார் சானாவின் 'லண்டன் கந்தையா' காலத்திலேயே தம் பேச்சையும் தம் போலித்தனத்தையும் வானொலியில் வைத்துத் தாமே சிரித்தார்கள். நாம் நமது கவிகளை நூல்களில் பத்திரப்படுத்தி வைத்தோம்.

பாட்டோடு சேர்ந்த நகைச்சுவைக்கும் தமிழில் நல்ல முன்மாதிரி உண்டு. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்' கதாகாலட்சேபம் 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்தில் இடம்பெற்றது. பக்திக்கென்றே வகுத்த வடிவத்தை அவர் எடுத்துக்கொண்டார். நந்தனார் சிதம்பரத்துக்குப் போனார். கிந்தனோ பட்டணத்துக்குப் படிக்கப் போகிறான், பரிசோதகராகத் திரும்புகிறான். வடிவம் கனமானது, உள்ளே வைத்தது புதியது. அந்த உரசலில் சிரிப்புப் பிறக்கிறது. இன்று சென்னையில் அலெக்சாண்டர் பாபு பாட்டுப்பாடிக் கதைசொல்லும் முறையிலும் (அவரது 'அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்' 2019இல் வெளிவந்தது) இந்த உரசல் உண்டு. நியூசிலாந்தின் 'ஃப்ளைட் ஒஃப் த கொன்கோட்ஸ்' என்ற இருவர் குழு, தமது நாட்டில் தாம் நாலாவது இடத்தில் இருக்கும் குழு என்று சொல்லிக்கொண்டே மேடையேறியது. முதலில் தம்மைச் சிறிதாக்கிக்கொண்டார்கள். பிறகு எதையும் சொல்ல உரிமை கிடைத்தது. எட்டாவது இடம் கிடைத்த எங்களூர்ச் சிலிண்டரும் அந்த வழியில்தான் போகிறது, அந்தப் பொடியன் அவர்களைக் கேட்டறியாவிட்டாலும்.

தாலாட்டு மெட்டில் சிலிண்டரைப் பாடியது ஏன் வென்றது என்பதும் இதனால் விளங்கும். தாலாட்டு வடிவம் நமது உம்மம்மாக்களுடையது. வரிசையில் நின்ற அவமானம் நம் எல்லாருடையது. எங்கள் கரையில் மண்ணெண்ணெய் இல்லாமல் தோணி கடலுக்குப் போகாத நாட்கள் அவை. 'இரிக்கி' என்ற சொல் அந்தப் பாட்டில் பல தடவை வந்தது. ஒருவரும் அச்சொல்லுக்காகச் சிரிக்கவில்லை. அது காதில் தனியாகப் படவேயில்லை. ஒரு பேச்சுமொழி மேடையில் வென்றுவிட்டது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

*

குழுவின் குறைகளையும் சொல்லாவிட்டால் இது விமர்சனமாகாது. பொண்டாட்டி பற்றிய பகிடிகள் இரண்டு, இந்தியத் தொலைக்காட்சியின் சிரிப்பு நிகழ்ச்சிகளிலிருந்து நேரே இறங்கியவை. அவற்றை விட்டுவிடலாம். சினிமாப் பாட்டின் மெட்டில் சொல்லை மாற்றிப் பாடியவை மூன்று. மெட்டு நினைவுக்கு வந்ததும் சிரிப்பு முடிந்துவிடுகிறது, பாட்டோ இன்னும் மூன்று சரணம் ஓடுகிறது. ரபானை அறிவிப்பு மேளமாக மட்டும் பயன்படுத்தியது வீண். சிலிண்டர்ப் பாட்டில் அது என்ன செய்யும் என்பதை அவர்களே காட்டிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல வசனங்கள் யாவும் உம்மாவின் வாயிலிருந்து வந்தவை. எழுதியது யார் என்று நிகழ்ச்சி முடிந்து கேட்டேன். "எழுதல்ல சேர், உம்மா சொன்னதுதான்" என்றான். அப்படியானால் அந்தத் தாயின் பங்கை மேடையில் சொல்லியிருக்க வேண்டும்.

கொழும்பு நானாவை என்ன செய்வது என்றும் அவர்கள் கேட்டார்கள். விட்டுவிடச் சொல்லவில்லை. அவரை மேடையில் தனியே நிறுத்தாதீர்கள் என்றேன். பக்கத்தில் ஒரு கல்முனைக்குடிக் காக்காவை நிறுத்துங்கள். அவர் பேச்சு நானாவுக்கு விளங்காமல் போகட்டும். முடிந்தால் பாண்டிருப்பிலிருந்து ஒரு தமிழ்ப் பொடியனையும் சேர்த்து, காக்காவின் வேடத்தை அவனுக்கே கொடுங்கள். அவன் ஊர் அண்ணனின் வேடத்தை நீங்கள் எடுங்கள் என்றேன். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரபான்காரன் மட்டும், பாண்டிருப்பில் தன்னோடு கிரிக்கெட் விளையாடும் ஒருவன் இருக்கிறான், நன்றாகக் கதைப்பான், கேட்டுப் பார்க்கிறேன் என்றான்.